தீப்பிடித்தால் கட்டடம் எந்த மொழியில் பேசும்?

புது தில்லி: புணே மாநகரின் கிழக்கு எல்லையில், முலா-முட்டா ஆற்றை ஒட்டி அமைந்துள்ள கராடி, ஒரு தலைமுறைக்கு முன்பு வயல்கள் சூழ்ந்த கிராமம். இப்போது அது கண்ணாடிக் கோபுரங்களின் ஊர். ஈயான் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, உலக வர்த்தக மையம், பன்னாட்டு நிறுவனங்களின் பொறியியல் அலுவலகங்கள், அவற்றைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று அதன் முகம் அடியோடு மாறிவிட்டது. தமிழகத்திலிருந்து சென்று அங்கு வேலை பார்க்கும் இளைஞர்களும் உண்டு. வாயிலில் மராத்தி பேசும் காவலர், நடைவழியில் இந்தி பேசும் துப்புரவுப் பணியாளர், கணினிக்கு முன் ஆங்கிலத்தில் அலுவல் நடத்தும் பொறியாளர் என ஒரே கூரையின் கீழ் பல மொழிகள் புழங்குகின்றன.

இத்தகைய கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் மின்கசிவால் புகை கிளம்பினால் என்ன நடக்கும்? அபாய மணி ஒலிக்கும். ஏதோ கோளாறு என்பதை மட்டுமே மணி சொல்லும். தீ எந்த மாடியில், எந்தப் படிக்கட்டு பாதுகாப்பானது, இறங்க வேண்டுமா அல்லது இருக்கும் இடத்திலேயே காத்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் மணியால் சொல்ல இயலாது. வழக்கமான ஒத்திகை என்று எண்ணி இருக்கையில் அமர்ந்திருப்போரும் உண்டு. பதறி லிஃப்டை நோக்கி ஓடுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் ஒரு குரல் தேவைப்படுகிறது. அந்தக் குரலை, மின்சாரம் போனாலும் கம்பிகள் சிலவற்றைத் தீ தின்றாலும், ஒவ்வொரு மாடிக்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் அவசரக் குரல் அறிவிப்பு முறை.

இது பொறியாளர்களின் விவகாரம், அரசியலுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு கட்டடம் அபாய நேரத்தில் மௌனமாக இருந்ததால் என்ன நேர்ந்தது என்பதற்கான சாட்சியம் தலைநகரின் நீதிமன்றப் பதிவேடுகளில் இருக்கிறது. அந்த வழக்கு நாடாளுமன்றத்தின் கதவையும் தட்டியது. கதவு முழுதாகத் திறக்கவில்லை என்பதே இன்றைய நிலை.

உபஹார் தந்த சாட்சியம்

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. தெற்கு தில்லியில் கிரீன் பார்க் பகுதியில் உள்ள உபஹார் திரையரங்கில், அன்றுதான் வெளியான "பார்டர்" இந்தித் திரைப்படத்தின் பிற்பகல் காட்சி. அரங்கின் தரைத்தளத்தில் தில்லி மின்வாரியத்தின் மின்மாற்றி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அன்று காலையிலேயே அதில் தீப்பிடித்து, அரைகுறையாகப் பழுது பார்க்கப்பட்டது. சரியாகப் பொருத்தப்படாத கம்பி மாலை 5 மணியளவில் தளர்ந்து கழன்றது. மின்மாற்றி எண்ணெய் கசிந்து எரிய, தீ அங்கிருந்த கார்களுக்குப் பரவியது. புகை படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் மேலே ஏறியது.

கீழ்த்தளத்து இருக்கைகளில் இருந்தோர் வெளியேறிவிட்டனர். உயிரிழந்த 59 பேரும் பால்கனியில் இருந்தவர்கள். தீ அவர்களைத் தொடவில்லை. நச்சுப்புகையால் மூச்சுத் திணறி இறந்தனர். கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக வலப்புற வழி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. அவசர விளக்குகள் எரியவில்லை. வெளியேறும் வழியைக் காட்டும் விளக்குகளும் இல்லை. பொது அறிவிப்பு ஒலிபெருக்கி இயங்கவில்லை; தீப்பிடித்துவிட்டது என்று பார்வையாளர்களிடம் எவரும் அறிவிக்கவில்லை.

கடைசியாகக் கூறிய இந்த விவரம்தான் நம் கவனத்துக்கு உரியது. மின்மாற்றியின் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அடைபட்ட வழியின் கதையும் அவ்வாறே. ஆனால், கீழே புகை தோன்றியதற்கும் மேலே மூச்சு முட்டியதற்கும் இடையே சில நிமிடங்கள் இருந்தன. பால்கனியில் இருந்தோருக்குத் திரையில் ஒலித்த குண்டுச் சத்தமே கேட்டது. திரைப்படத்துக்கு ஒலிபெருக்கி இருந்த அரங்கில் உயிர் காக்கும் செய்திக்கு ஒலிபெருக்கி இல்லை.

தம் இரு குழந்தைகளையும் அன்று பறிகொடுத்த நீலம் - சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி, மற்றக் குடும்பங்களைத் திரட்டி உபஹார் துயரத்தில் பாதிக்கப்பட்டோர் சங்கத்தை அமைத்துப் போராடினர். வழக்கின் பயணம் நெடியது. 2007-இல் விசாரணை நீதிமன்றம் அரங்கின் உரிமையாளர்களான அன்சல் சகோதரர்களுக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் அதை ஓராண்டாகக் குறைத்தது. 2014-இல் அவர்கள் குற்றவாளிகளே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2015-இல் தலா ரூ. 30 கோடி செலுத்தினால் ஏற்கெனவே சிறையிலிருந்த காலமே போதும் என்றது. 2017-இல் அந்த முடிவு மறு ஆய்வுக்கு வந்து, சகோதரர்களில் ஒருவர் மட்டும் எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றும், மற்றவருக்கு முதுமை காரணமாக விலக்கு என்றும் தீர்ப்பானது. சாட்சிய ஆவணங்களைச் சிதைத்த தனி வழக்கில் 2021-இல் ஏழாண்டுத் தண்டனை வந்தது. 2022-இல் அதுவும் சிறையில் கழித்த காலத்தோடு முடிந்துபோனது.

நஷ்டஈட்டு வழக்கில் 2011 அக்டோபர் 13-இல் நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், கே.எஸ். ராதாகிருஷ்ணன் ஆகியோர் அளித்த தீர்ப்பு தொகையைக் குறைத்ததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆயினும், அதில் இடம்பெற்ற சில பரிந்துரைகள் நடைமுறையில் இன்றும் நம் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு திரையரங்கும் அவசர வெளியேற்றத் திட்டம் வகுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் வெளியேறும் வழிகளைக் காட்டும் குறும்படத்தைத் திரையிட வேண்டும். ஊழியர்களுக்குத் தீப்பயிற்சி அளிக்க வேண்டும் என்றார்கள். படம் தொடங்கும் முன் வாயில்களைக் காட்டும் அந்தச் சில நொடிப் படத்தைப் பார்த்தபடி பாப்கார்ன் கொறிப்போரில் எத்தனை பேருக்கு அது 59 உயிர்களின் விலை என்று தெரியும்?

திரையரங்குக்கு நீதிமன்றம் வழி சொன்னது. அலுவலகக் கோபுரத்துக்கும் மருத்துவமனைக்கும் விடுதிக்கும் யார் சொல்வது?

ஒரே வரியில் மும்மொழித் திட்டம்

சொல்வதற்கு ஓர் ஆவணம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முதலாக வந்தது. பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வெளியாயின. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு பற்றியது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவை உயர் கட்டடங்கள் என்று அது வரையறுக்கிறது. அபாயக் காலத்தில் ஒதுங்கி நிற்கும் புகலிடப் பகுதி, தீ நிலைமையைக் கண்காணித்துக் கட்டளையிடும் அறை என்று பலவற்றையும் விரிவாகப் பேசுகிறது.

2016 பதிப்பில் குரல் அறிவிப்பு பற்றிய வாசகம் சுவையானது. வெளியேற்றக் குரல் அறிவிப்பு இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில், முன்பே பதிவு செய்த செய்திகளைக் கொண்டு அமைய வேண்டும். அது தீ எச்சரிக்கைக் கருவியோடு இணைந்திருக்க வேண்டும். தீப்பிடித்த பகுதிக்கும் அதை ஒட்டிய மாடிகளுக்கும் அறிவிப்பு செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக ஓயாத மும்மொழிப் பிரச்னை, கட்டட விதியில் ஒரே வரியில் சந்தடியின்றி முடிந்துபோயிற்று! அதை எதிர்த்து எந்த அவையிலும் எவரும் வெளிநடப்பு செய்ததாகத் தெரியவில்லை.

கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால், விதியின் நோக்கம் சரியானதே. ஆனால் மூன்று மொழிகளில் எதை முதலில் ஒலிப்பது? செய்தி ஒரு மொழியில் 15 நொடி எடுத்துக்கொள்ளும் என்றால், மூன்றாவது மொழியை மட்டும் அறிந்தவர் தமக்கான சொல்லைக் கேட்க அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். புகை அரை நிமிடம் காத்திருப்பதில்லை. விதித்தொகுப்பு மொழிகளைப் பட்டியலிட்டதோடு நிற்கிறது. வரிசையைக் கட்டடக்காரரிடம் விட்டுவிடுகிறது. கட்டடத்தில் பிற மொழி அறியாதவர்கள் எந்த மொழியினரோ அந்த மொழி முதலில் ஒலிப்பதுதான் நியாயம். கராடியில் அது மராத்தியாக இருக்கலாம். இரவுப் பணியில் இந்தியாக மாறலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் அது தமிழ். ஆனால் அங்கேயே கட்டுமானப் பகுதியில் ஒடியாவும் வங்காளமும் தேவைப்படும். சட்டம் சொல்லும் "வட்டார மொழி" என்ற சொல்லுக்குள் இந்தப் புலம்பெயர்ந்த தொழிலாளி அடங்குவதில்லை.

மொழி பற்றி இன்னொன்று. தமிழில் பதிவு செய்யும்போது "மின்தூக்கியைத் தவிர்க்கவும்" என்று பதிவு செய்தால் இலக்கணம் மகிழும். ஆள் லிஃப்டில் ஏறிவிடுவார். "லிஃப்டில் ஏறாதீர்கள், படிக்கட்டு வழியாக இறங்குங்கள்" என்பதே காதில் விழுந்தவுடன் காலை நகர்த்தும் தமிழ். தனித்தமிழ் அன்பர்கள் இந்த ஒரு சலுகையை அளிக்க வேண்டும்.

கைமாறும் பொறுப்பு

விதித்தொகுப்பு இருக்கிறது என்றால் சிக்கல் என்ன? அது தன்னளவில் சட்டமல்ல; பரிந்துரை. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் கட்டட விதிகளில் அதைச் சேர்த்துக்கொண்டால்தான் கட்டாயமாகும். பெரிய தீ விபத்து ஒன்று நிகழ்ந்த பின் வரும் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்புவார்கள். உள்துறை அமைச்சகத்தின் எழுத்துபூர்வமான பதில் ஏறக்குறைய மாறாத வாசகங்களில் வரும். தீயணைப்புப் பணி மாநிலப் பொருள். அரசமைப்புச் சட்டத்தின் 243-டபிள்யூ பிரிவின்படி 12-ஆவது அட்டவணையில் நகராட்சிப் பணியாகச் சேர்க்கப்பட்டுள்ளது என்பதே அது. அட்டவணையில் அதன் எண் ஏழு. இது உண்மையும்கூட. 74-ஆவது திருத்தம் அவ்வாறுதான் சொல்கிறது. மாநில உரிமை பற்றிப் பேசும் நாமும் அதில் குறை காண முடியாது. ஆனால் உரிமை கைமாறும் அளவுக்குப் பொறுப்பும் பணமும் கைமாறுகின்றனவா என்பதே கேள்வி.

மத்திய அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியன்று. மாநிலங்கள் பின்பற்றுவதற்கான தீயணைப்பு மாதிரி மசோதா ஒன்றை உள்துறை அமைச்சகம் 2019-இல் அனுப்பியது. 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவுபடுத்தி நவீனமாக்க ரூ. 5,000 கோடி ஒதுக்கும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது. அதில் ரூ. 500 கோடி, சட்டச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக ஒதுக்கி வைக்கப்பட்டது. வண்டிகளும் ஏணிகளும் நிலையங்களும் இந்தப் பணத்தில் வரும், அவை தேவையே. எனினும், வண்டி வந்து சேரும் முன் உள்ள நிமிடங்கள் கட்டடத்தின் கையில்தான் இருக்கின்றன. அந்த நிமிடங்களைக் கண்காணிக்கும் ஆய்வாளருக்கு எவ்வளவு பணம், எத்தனை பணியிடம் என்று அவையில் கேள்வி எழுவது அபூர்வம்.

2023-இல் நாடெங்கும் கைப்பேசிகள் திடீரென்று அலறியது நினைவிருக்கலாம். தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் நடத்திய சோதனை அது. புயல், வெள்ள எச்சரிக்கையைக் குறிப்பிட்ட பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் அரசால் அனுப்ப முடியும் என்று அது காட்டியது. ஒரு மாவட்டத்தையே கூப்பிடத் தெரிந்த நாட்டில், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்து எட்டாவது மாடியைக் கூப்பிடுவது இன்னும் உரிமையாளரின் மனச்சாட்சியைச் சார்ந்திருக்கிறது.

மணிக்கும் குரலுக்கும் இடையே

கடைவீதி வணிக வளாகத்தில் பாட்டும் விளம்பரமும் ஒலிக்கும் ஒலிபெருக்கியையே அபாயத்திலும் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பாட்டுக்கான ஒலிபெருக்கியின் கம்பி அறுந்தால் யாரும் கவனிப்பதில்லை. அவசரக் குரல் முறையில், கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு கம்பித் தடத்தையும் இடைவிடாமல் தானே சோதித்துக்கொண்டிருக்கும். ஒரு தடம் அறுந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும். மின்சாரம் நின்றால் மின்கலம் தாங்கும். கம்பிகள் தீயைக் குறிப்பிட்ட நேரம் தாங்கும் வகையைச் சேர்ந்தவை. ஒரு தளத்து ஒலிபெருக்கிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தனித் தடங்களில் இணைப்பார்கள். ஒரு தடம் எரிந்தாலும் பாதி ஒலிபெருக்கிகள் பேசும்.

எல்லா மாடிக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போவதில்லை என்பது இதன் இன்னொரு சிறப்பு. உயர்ந்த கட்டடத்தில் அனைவரும் ஒருசேரப் படிக்கட்டில் இறங்கினால் நெரிசலே உயிரைக் குடிக்கும். எனவே, தீப்பிடித்த மாடிக்கும் அதை ஒட்டிய மாடிகளுக்கும் "வெளியேறுங்கள்" என்றும், மற்ற மாடிகளுக்கு "ஆயத்தமாக இருங்கள்" என்றும் செய்தி போகும். பின்னர் கட்டம் கட்டமாக மற்றவர்கள் இறங்குவார்கள். தீயணைப்பு அதிகாரி வந்து சேர்ந்ததும், கட்டளை அறையில் உள்ள மைக்கை எடுத்துப் பதிவுச் செய்தியை நிறுத்திவிட்டு நேரடியாகப் பேசலாம்.

ஒலி கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. ரயில் நிலையத்தில் அறிவிப்பு காதைப் பிளக்கும். எந்த நடைமேடை என்பது மட்டும் புரியாது. இதை அளக்கவே பேச்சுத் தெளிவுக் குறியீடு என்ற அளவுகோல் உள்ளது. 0 முதல் 1 வரையிலான அதில் 0.5 அளவாவது வேண்டும் என்பது பன்னாட்டுத் தரங்களில் வழக்கமான எதிர்பார்ப்பு. கண்ணாடியும் பளிங்கும் பதித்த உயர்ந்த முகப்புக் கூடங்களில் எதிரொலியால் இந்த அளவை எட்டுவது கடினம். கராடி போன்ற ஊர்களில் கட்டடக்கலை விரும்பும் முகப்புக் கூடங்கள் பெரும்பாலும் அத்தகையவையே. சத்தத்தைக் கூட்டினால் தெளிவு குறையும். சிறிய ஒலிபெருக்கிகளை நெருக்கமாகப் பொருத்துவதே தீர்வு. ஆய்வாளர் கையில் தெளிவை அளக்கும் கருவி இருந்தாலன்றி, "ஒலிபெருக்கி உண்டு" என்று எழுதிவிட்டுப் போவதே வழக்கமாகிவிடும்.

செலவு அதிகம் என்ற வாதம் முன்பு எடுபட்டது. பழைய கருவிகள் பெரிய கட்டடத்துக்கென்றே செய்யப்பட்டவை. இப்போது வருபவை தேவைக்கேற்ப விரியக்கூடியவை. சிறிய பள்ளிக்கு ஒரு பெட்டி, ஒரு மைக், சில ஒலிபெருக்கிகள் போதும். கட்டடம் வளர்ந்தால் அதே பெட்டியோடு பெருக்கிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பல கோபுரங்கள் கொண்ட வளாகம் என்றால் பெட்டிகளை வலையமைப்பாக இணைத்து ஒரே இடத்திலிருந்து பேசலாம். ஆகவே, இனிமேல் "இது கோபுரங்களுக்கானது, எங்களுக்கல்ல" என்று பள்ளி நிர்வாகமோ நூறு படுக்கை மருத்துவமனையோ சொல்ல முடியாது.

பள்ளி என்றதும் கும்பகோணம் நினைவுக்கு வராமல் போகாது. 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோனது. அதையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறி, தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பள்ளிகள் அமைய வேண்டும் என்று ஆணையிட்டது. அதாவது, பரிந்துரையாக இருந்த ஓர் ஆவணத்துக்குப் பள்ளிகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் பல் முளைக்க வைத்தது. இதைச் செய்ய 94 குழந்தைகள் தேவைப்பட்டனர்.

தவறான குரல்

குரல் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு நியூயார்க் சாட்சி. 2001 செப்டம்பர் 11-இல் வடக்குக் கோபுரத்தில் காலை 8.46 மணிக்கு முதல் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்தில் இறங்கத் தொடங்கியவர்களுக்கு, உங்கள் கட்டடம் பாதுகாப்பாக உள்ளது, அலுவலகத்துக்குத் திரும்பலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. சிலர் திரும்பினர். 9.03 மணிக்கு அக்கோபுரத்திலும் விமானம் மோதியது. அறிவித்தவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.  கருவி பழுதின்றி வேலை செய்தது. தகவல்தான் தவறு.

லண்டனில் 2017 ஜூன் 14-இல் எரிந்த கிரென்ஃபெல் கோபுரம் வேறு பாடம். "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்பது அங்கு வழக்கமான அறிவுரை. தீ வெளிச்சுவர் வழியாகப் பரவியதும் அந்த அறிவுரை பயனற்றுப் போயிற்று. ஆனால் அதை மாற்றிக்கொண்டதை எல்லா வீடுகளுக்கும் தெரிவிக்கக் கட்டடத்தில் வழியே இல்லை. அவசரத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது. 72 பேர் இறந்தனர். விசாரணை ஆணையம் 2019-இல் தந்த முதல்கட்ட அறிக்கையில், கட்டடம் முழுவதற்கும் அல்லது சில மாடிகளுக்கு மட்டும் வெளியேறும் சமிக்ஞை அனுப்பும் வசதி வேண்டும் என்றது. 2022 டிசம்பர் முதல் இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு அதற்கான ஏற்பாடு விதியாயிற்று. அறிக்கைக்கும் விதிக்கும் இடையே மூன்று ஆண்டு. நம் நாட்டில் உபஹார் வழக்கு முடியக் கால் நூற்றாண்டு ஆனது.

மக்களிடம் உண்மையைச் சொன்னால் பீதி பரவும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் எங்கும் உண்டு. பிரிட்டனின் நியூகாசில் நகரச் சுரங்க ரயில் நிலையத்தில் கிலேன் பிரூ, ஜொனாதன் சைம் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனை முடிவுகள் 1991-இல் வெளியாயின. மணியை மட்டும் ஒலித்தபோது பயணிகள் நின்ற இடத்திலேயே நின்றனர். என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது விரைவாக வெளியேறினர். பீதி பரவவில்லை.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் எழுந்த புகை, ஏறக்குறைய 90 உயிர்களைக் குடித்தது. முதலில் புகையைக் கண்டவர்கள் பக்கத்துக் குடிசைவாசிகள். அவர்களை வாயில் காவலர்கள் திருப்பி அனுப்பினர் என்று அப்போது செய்திகள் வந்தன. நோயாளிகளைத் தூக்கிவந்து காப்பாற்றிய கேரளத்துச் செவிலியர் இருவர் தாம் மீளவில்லை. அங்கும் தகவல் மேலே போய்ச் சேராததே கதை.

ஜனவரியும் ஜூலையும்

மீண்டும் மகாராஷ்டிரத்துக்கு வருவோம். இவ்விஷயத்தில் அம்மாநிலத்தின் சட்டம் பல மாநிலங்களைவிடத் தெளிவானது. 2006-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம் 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தீப்பாதுகாப்புக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற முகமை ஒன்று ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்றளிக்க வேண்டும். அதைக் கட்டட உரிமையாளரோ குடியிருப்போரோ தீயணைப்புத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். கட்டி முடித்தபோது ஒருமுறை தடையின்மைச் சான்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதும் என்ற பழைய வழக்கத்தை இது மாற்ற முயன்றது. அந்த வகையில் பாராட்டத்தக்கது.

ஆனால், சான்றளிக்கும் முகமைக்குப் பணம் கொடுப்பவர் கட்டட உரிமையாளரே. சான்று உண்மைதானா என்று சரிபார்க்கும் அரசு ஆய்வாளர் எத்தனை கட்டடங்களுக்குப் போக முடியும் என்பது பணியிடங்களைப் பொறுத்தது. கராடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஈயான் பூங்கா அமைந்த நிலமோ மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் அறிவுசார் பூங்கா. கழகத்துக்குத் தனியே தீயணைப்புப் பிரிவு உண்டு. சாலைக்கு இப்புறம் ஓர் அதிகாரம், அப்புறம் வேறொன்று என்றால், குரல் முறை பற்றி ஒரே அளவுகோலை வைப்பது யார்?

2021-ஆம் ஆண்டு புணே வட்டாரத்துக்குத் தீயின் ஆண்டு. ஜனவரி 21-இல், கராடிக்குத் தெற்கே மாஞ்சரியில் உள்ள சீரம் நிறுவன வளாகத்தில் கட்டப்பட்டுவந்த கட்டடம் எரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். தடுப்பூசிக்கு ஆபத்தில்லை என்ற செய்தி நாடெங்கும் நிம்மதியோடு பரவியது. இறந்த ஐவர் அடுத்த பத்தியில் வந்தனர். ஜூன் 7-இல், முல்ஷி வட்டம் உரவடேயில் இருந்த ரசாயன ஆலையில் 17 தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மாண்டனர். இவை இரண்டும் கண்ணாடிக் கோபுரங்கள் அல்ல. கட்டி முடிக்கப்படாத கட்டடத்தில் நிரந்தர எச்சரிக்கை முறை இருக்காது. சிறிய ஆலைக்கு உயர் கட்டட விதி பொருந்தாது. கட்டுமானத்தின்போதே தாற்காலிகமாகப் பொருத்தி, பணி நகர நகர இடம் மாற்றக்கூடிய கம்பியில்லா எச்சரிக்கைக் கருவிகள் சந்தையில் உள்ளன. விதி அவற்றைக் கேட்பதில்லை. அதனால் ஒப்பந்ததாரர் வாங்குவதில்லை.

இங்கே நாடாளுமன்றம் செய்யக்கூடியது உண்டு. மாதிரி மசோதாவை எத்தனை மாநிலங்கள் சட்டமாக்கின, ரூ. 500 கோடி ஊக்கத்தொகையில் எந்த மாநிலத்துக்கு எந்தச் சீர்திருத்தத்துக்காக எவ்வளவு போனது, அரசின் சொந்தக் கட்டடங்களில் குரல் அறிவிப்பு முறை கடைசியாக எப்போது பேச வைத்துச் சோதிக்கப்பட்டது என்று தமிழக உறுப்பினர்கள் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு மாநிலப் பொருள் என்ற பதில் செல்லாது. தலைநகரில் உள்ள அமைச்சக மாளிகைகள் மத்திய அரசின் பொறுப்பில்தானே உள்ளன.

தமிழக அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை உயர் கட்டடங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும் நாளில், காகிதத்தைப் பார்ப்பதோடு கட்டளை அறைக்குப் போய், பதிவுச் செய்தியை ஒருமுறை ஒலிக்கச் சொல்லலாம். மேல் மாடியில் நிற்கும் துப்புரவுப் பணியாளர் ஒருவரிடம், இப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்கலாம். அதற்குக் கருவி வேண்டாம். சட்டத் திருத்தம் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

உபஹார் கட்டடத்தின் முத்திரையை அகற்றி உரிமையாளர்களிடம் ஒப்படைக்கத் தில்லி நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. கராடியில் ஆண்டுக்கு இருமுறை தரப்பட வேண்டிய சான்றுக்கான கெடு ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் வந்து போகிறது.